துடைத்த மேசையும் தூய மேசையும்



தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் பிறர் சமைத்த உணவையே பெரும்பாலும் உண்கிறோம். அலுவலகத்துச் சிற்றுண்டிச்சாலை, மாணவர் விடுதி, மெஸ், ரயில் வண்டிச் சாப்பாடு, கோயில் பிரசாதம், ஊர்க்காரர்கள் கூடி நடத்தும் பொங்கல் விருந்து என்று நம் இலைக்கு வரும் உணவு எத்தனையோ கைகளைக் கடந்து வருகிறது. சமைத்தவர் கையை நாம் பார்ப்பதில்லை. காய் நறுக்கிய மேசையையும் பார்ப்பதில்லை. பார்க்க வாய்த்தாலும், மேசை பளபளவென்று இருந்துவிட்டால் அதோடு மனம் நிறைந்துவிடுகிறது. கண்ணால் கண்டு அடையும் அந்தத் திருப்தி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? கண்ணுக்குப் புலப்படாத தீய கிருமிகள் ஒரு மேசைமீது உள்ளனவா என்பதை விரைவில் அறிய வழி உண்டா? இவ்விரு கேள்விகளே இன்றைய பேச்சின் பொருள்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தில்லியில் நான் வசிக்கும் பகுதித் தமிழன்பர்கள் ஒன்றுசேர்ந்து சித்திரைப் பிறப்பன்று விருந்து நடத்தினோம். விருந்துக் குழுவில் நானும் ஒருவன். பந்தல், பாத்திரம், மேசை யாவும் வாடகைக்கு வந்தவை. சமையற்காரர் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தில்லியில் நெடுங்காலமாகக் கல்யாணச் சமையல் செய்துவந்த முதியவர். விருந்து சிறப்பாகவே முடிந்தது. ஆனால் மறுநாள் பொழுது விடிவதற்குள் நாற்பது பேருக்குமேல் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. குழந்தைகள் இருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. தெய்வாதீனமாக எல்லோரும் குணமடைந்தார்கள்.

குழு கூடியது. குற்றம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. எல்லோர் பார்வையும் சமையற்காரர்மீதே சென்றது. அவரோ, "மேசையை நானே மூன்று தடவை துடைத்தேன் ஐயா, என் கண்ணால் பார்த்துத்தான் காய் நறுக்க விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. இனி அவரை அழைப்பதில்லை என்று முடிவுசெய்து, அக்கம்பக்கத்துத் தமிழன்பர் குழுக்களுக்கும் கடிதம் அனுப்பினோம். அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு மாதத்தில் அம்முதியவர் தில்லியை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

பிற்பாடு, உணவுச் சுகாதாரம் பற்றிய பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கம் செய்யும் வேலை என் மேசைக்கு வந்தது. அதில் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி வந்தன. மூன்றையும் 'சுத்தம் செய்தல்' என்றே மொழிபெயர்த்தேன். பிரதியைப் பார்வையிட்ட மருத்துவ அதிகாரி மூன்றிடத்தும் சிவப்பு மையால் கோடிட்டு அனுப்பிவிட்டார். முதற்சொல்லுக்குக் கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் உணவுத் துகளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்குவது என்று பொருள். இரண்டாவது, அழுக்கு நீங்கிய பரப்பின்மேல் எஞ்சிய கிருமிகளைத் தீங்கு செய்யாத அளவுக்குக் குறைப்பது. மூன்றாவது, ஓர் உயிர்கூட எஞ்சாதபடி அடியோடு அழிப்பது. அறுவைச் சிகிச்சைக் கத்திக்கு மூன்றாவது வேண்டும். சமையல் மேசைக்கு முதலிரண்டும் வேண்டும். நம் சமையற்காரர் செய்தது முதலாவதை மட்டுமே. அவர் பொய் சொல்லவில்லை. துடைத்த மேசை தூய மேசை ஆகிவிட்டது என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். அந்த ஒரே நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவர் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார். நாங்கள் அவரைத் தண்டித்தோம்.

இனி, மேசைமீது என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளமே உடையது. அவற்றுள் மிகப் பல நமக்குத் தீமை செய்யாதவை. சில நன்மையே செய்பவை. தயிர் உறைவதும் இட்லி மாவு பொங்குவதும் அவற்றின் உபகாரமே. ஆனால் சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஈ. கோலி இனத்தின் சில வகைகள், லிஸ்டீரியா போன்றவை உணவோடு உட்சென்றால் நோயை உண்டாக்குகின்றன. இவை பெருகும் வேகமே அச்சந்தருவது. வெதுவெதுப்பும் ஈரமும் ஊட்டமும் வாய்த்தால், ஈ. கோலி போன்ற ஒரு கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இவ்விதமே எட்டு மணி நேரம் தடையின்றிப் பெருகினால் ஒன்று 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். இரவு பத்து மணிக்கு அரைகுறையாகத் துடைத்து வைத்த மேசை காலை ஆறு மணிக்கு என்ன நிலையில் இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தில்லியின் மே, ஜூன் மாத வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கோயில் குளத்தின் படிக்கட்டில் பாசி படர்ந்து வழுக்குவதை அறிவீர்கள். அதுபோலவே பாக்டீரியாக்களும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, பிசின் போன்ற படலத்தைச் சுரந்து அதனடியில் கூடி வாழ்கின்றன. கிருமிநாசினியை மேலே ஊற்றினாலும் படலத்துக்கு அடியிலுள்ளவை பல தப்பிவிடும். தேய்த்துக் கழுவிப் படலத்தை உரித்தாலன்றி மருந்து பயன்படாது. மரப்பலகையில் கத்தி கீறிய பள்ளம், மிக்ஸி ஜாடியின் ரப்பர் வளையம், கிரைண்டர் கல்லின் அடிப்புறம், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் மடிப்பு, கழிவுநீர் வாய் ஆகியவையே அவற்றுக்கு உகந்த இருப்பிடங்கள்.

"எங்கள் சமையல் சைவம், ஆகவே அச்சமில்லை" என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியன்று. 2011ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் ஈ. கோலி வகை ஒன்றினால் பெரும் நோய் பரவியது. 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆராய்ந்து பார்த்தபோது கிருமி வந்த வழி இறைச்சியன்று, முளைகட்டிய வெந்தயம் எனத் தெரிந்தது. நம் சோற்றிலேகூட பாசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியைத் தாங்கிப் பிழைத்திருக்கும். வடித்த சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சமைக்காமல் பரிமாறும் தயிர்ப்பச்சடியும் தேங்காய்ச் சட்னியும், அவை நறுக்கப்பட்ட பலகையையும் அரைக்கப்பட்ட ஜாடியையும் நம்பியே இருக்கின்றன. அடுப்பின் சூடு அவற்றைக் காப்பாற்ற வராது.

மேசையில் கிருமி உள்ளதா என்று அறியும் பழைய முறை, அதை வளர்த்துப் பார்ப்பதாகும். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் இம்முறைக்கு வழிகோலியவர். 1884ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவில் நோயாளிகளிடமும் குளத்து நீரிலும் காலராக் கிருமியைக் கண்டு காட்டினார். கிருமிகளைத் திடமான ஊட்டப் பொருள்மீது வளர்த்தால், ஒவ்வொரு கிருமியும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் கிருமிகளின் தொகை தெரியும். முதலில் அவர் பயன்படுத்திய ஜெலாட்டின் வெப்பத்தில் உருகிவிட்டது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி, தம் சமையலறையில் இனிப்புப் பண்டம் உறையப் பயன்பட்ட கடற்பாசிப் பசையை அதற்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்று யோசனை கூறினார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றுவரை அதுவே பயன்படுகிறது. ஒரு குடும்பத் தலைவியின் சமையலறை அனுபவம் மருத்துவ விஞ்ஞானத்துக்கு அளித்த கொடை அது.

இம்முறை நம்பகமானது, ஆனால் மெதுவானது. மேசையில் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரியில் சால்மொனெல்லா இருக்கிறதா என்று உறுதிசெய்ய, முதலில் ஊட்டக் கரைசலில் ஒரு நாள், பிறகு அக்கிருமிக்கு மட்டும் இடந்தரும் கரைசலில் ஒரு நாள், அதன்பின் தட்டில் ஒரு நாள், இறுதியில் சரிபார்ப்பு என்று நான்கைந்து நாட்கள் ஆகும். லிஸ்டீரியாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அதற்குள் அம்மேசையில் செய்த உணவு உண்டு செரித்துப் போயிருக்கும். விருந்து முடிந்த ஐந்தாம் நாள் வரும் விடையினால் நோயுற்றவருக்குப் பயனில்லை. அதனால்தான் விரைவாகக் கண்டறியும் முறைகளை நாடினார்கள்.

அவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது ஏ.டி.பி. சோதனை. அதன் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு என்பதை அறிந்தபோது நான் வியந்தேன். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் தன் வேலைகளுக்கான சக்தியை ஏ.டி.பி. என்னும் பொருளில் ஏந்தி வைத்திருக்கிறது. அதைச் செலவு செய்வதற்குத் தயாரான சில்லறை நாணயம் என்று கொள்ளலாம். 1929ஆம் ஆண்டு இப்பொருளை ஜெர்மனியில் கார்ல் லோமானும், அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சைரஸ் ஃபிஸ்க், எல்லப்பிரகட சுப்பாராவ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஆந்திரத்து பீமாவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்ப்பட்டமே பெற்றவர். பின்னர்க் கடல் கடந்து சென்றவர், 1948இல் அமெரிக்காவிலேயே காலமானார். அவரது நூற்றாண்டான 1995இல் நம் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. ஊரை விட்டு வெளியே சென்று உழைத்த அவர் கண்ட பொருளே இன்று உலகெங்கும் சமையற்கூடங்களின் தூய்மையை அளக்க உதவுகிறது.

அளக்கும் விதமோ இன்னும் சுவையானது. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் மக்கெல்ராய் என்ற விஞ்ஞானி, மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்கு ஏ.டி.பி. இன்றியமையாதது என நிறுவினார். தம் ஆராய்ச்சிக்காக அவ்வூர்ச் சிறுவர்களிடம் நூறு மின்மினிக்கு இருபத்தைந்து சென்ட் வீதம் கொடுத்து வாங்கினாராம். மின்மினியின் உடலிலுள்ள இரண்டு பொருள்களோடு பிராணவாயுவும் ஏ.டி.பி.யும் சேர்ந்தால் ஒளி பிறக்கும். ஏ.டி.பி. மிகுந்தால் ஒளியும் மிகும். இந்த உண்மையைக் கொண்டே சோதனை நடக்கிறது. மேசையில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடத்தை ஈரப் பஞ்சுக்குச்சியால் தேய்க்க வேண்டும். குச்சியை அதன் குழாய்க்குள் அழுத்தினால், அணுக்களைத் திறக்கும் மருந்தும் மின்மினிப் பொருள்களும் அதனோடு கலக்கும். கைக்கடக்கமான ஒளிமானியில் குழாயை வைத்தால், பதினைந்து விநாடி அளவிலேயே ஓர் எண் தோன்றும். எண் சிறிதானால் மேசை சுத்தம், பெரிதானால் மீண்டும் கழுவ வேண்டும். எந்த எண் வரை ஏற்கலாம் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஆகவே ஒவ்வொரு கூடத்தாரும் நன்றாகக் கழுவிய தம் மேசையைப் பலமுறை அளந்து, தமக்குரிய எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய பேச்சில் நீங்கள் நினைவில் வைக்கத்தக்கது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். ஏ.டி.பி. கருவி கிருமியைக் கண்டறிவதில்லை. தக்காளிச் சாற்றிலும் ஏ.டி.பி. உண்டு, பாலிலும் உண்டு, நம் கைத்தோலிலும் உண்டு. எண் பெரிதாக வந்தால் மேசையில் ஏதோ எஞ்சியிருக்கிறது என்பது பொருள், நோய்க்கிருமி இருக்கிறது என்பதன்று. எண் சிறிதாக வந்தால் மேசை நன்கு கழுவப்பட்டிருக்கிறது என்பது பொருள், நோய்க்கிருமி இல்லவே இல்லை என்பதன்று. ஒரு பாக்டீரியாவில் உள்ள ஏ.டி.பி. மிக மிகச் சொற்பம். சில சால்மொனெல்லாக்கள் பதுங்கியிருந்தால் அவற்றின் ஒளி கருவிக்குப் புலப்படாது. கிருமிநாசினியின் மிச்சமும் ஒளியைக் குலைத்துக் கணக்கைப் பிழையாக்கலாம். ஆகவே கழுவியபின், மருந்து தெளிப்பதற்கு முன் அளப்பதே பலரது வழக்கம். விரைவுச் சோதனை 'கழுவினாயா?' என்ற கேள்விக்கு விடை கூறுகிறது. வளர்ப்புச் சோதனை 'இன்ன கிருமி உள்ளதா?' என்ற கேள்விக்கு விடை கூறுகிறது. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கு உரியதாகக் கொண்டால் விபரீதமே விளையும்.

அப்படியாயின், கிருமியின் பெயரையே விரைவில் சொல்லும் சோதனை இல்லையா? உண்டு. அவை மூன்று வகை.

முதல் வகை, கோடு தோன்றும் காகிதப் பட்டை. கொரோனா நோய்க்காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சியிட்டுச் சோதித்த பட்டையை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே தத்துவந்தான் இதுவும். குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் பட்டையில் பூசப்பட்டிருக்கும். கிருமி வந்தால் கோடு தெரியும். இரண்டாவது வகை, அதே காலத்தில் நம் செவிக்குப் பழகிய பி.சி.ஆர். முறை. கிருமியின் டி.என்.ஏ.வில் அதற்கே உரிய ஒரு பகுதியைத் தேடிப் பிடித்துப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டுவது. இவ்விரண்டிலும் பட்டைக்கும் இயந்திரத்துக்கும் சொற்ப நேரமே வேண்டும். ஆயினும் குச்சியில் ஒட்டிவரும் கிருமிகள் மிகச் சிலவாக இருப்பதால், அவற்றை முதலில் ஊட்டக் கரைசலில் பெரும்பாலும் ஓரிரவு வளர்த்தாக வேண்டும். ஆகவே ஐந்து நாள் என்பது ஒன்றிரண்டு நாளாகச் சுருங்குகிறதேயன்றி, ஐந்து நிமிஷமாகிவிடுவதில்லை. இதை விற்பனைக்காரர்கள் எப்போதும் அழுத்திச் சொல்வதில்லை. மேலும், பி.சி.ஆர். முறை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டிவிடக் கூடும்.

மூன்றாவது வகையின் வேர் நம் யமுனைக் கரையில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டு ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த ஹேங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைந்து அழிவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் போய்விடுவதையும் எழுதி வெளியிட்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. பின்னர் 1915இல் ட்வார்ட்டும் 1917இல் டெரெல்லும் பாக்டீரியாக்களைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களைக் கண்டனர். ஹேங்கின் கண்டதும் அவற்றின் செயலாகவே இருக்கலாம் எனப் பிற்காலத்தார் பலர் கருதினர். பாக்டீரியத்தின்னி எனப்படும் இவ்வைரஸ்கள் பெரும்பாலும் தமக்குரிய கிருமியை மட்டுமே நாடுபவை. விஞ்ஞானிகள் இவற்றுள் ஒளியுண்டாக்கும் மரபணுவைப் புகுத்தினர். அவ்வாறு மாற்றிய வைரஸ், மாதிரியிலுள்ள லிஸ்டீரியாவுக்குள் நுழைந்தால், அந்தக் கிருமி உயிரோடிருக்கும்போதே ஒளிப்பொருளைத் தயாரித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு கிருமி ஒளிராது, செத்த கிருமியும் ஒளிராது. ஓரிரவு காத்திராமல் சில மணி நேரத்திலேயே விடை பெறுவது இம்முறையின் நோக்கம்.

கருவி எத்துணை நுட்பமானதாயினும், அதன் விடையைச் சேர்த்து வைத்துப் படிப்பவர் இல்லையேல் பயனில்லை. 2008ஆம் ஆண்டு கனடாவில் டொரான்டோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் பண்டங்களால் லிஸ்டீரியா நோய் பரவி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துண்டுபோடும் இயந்திரத்தின் உட்புறத்தில், அன்றாடக் கழுவுதல் எட்டாத இடத்தில் கிருமி குடியிருந்ததாகக் கருதப்பட்டது. அதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. அந்தத் தொழிற்சாலையின் பரப்புகளில் லிஸ்டீரியா இனம் அதற்கு முன்பே பலமுறை தென்பட்டிருந்தது. தென்பட்ட ஒவ்வொரு முறையும் அவ்விடத்தைக் கழுவினார்கள், மறந்தார்கள். எல்லா முடிவுகளையும் ஒருங்கே வைத்து, 'மீண்டும் மீண்டும் ஏன் வருகிறது?' என்று கேட்கவில்லை. அரசாங்கம் நியமித்த விசாரணையின் அறிக்கை 2009இல் இதை எடுத்துக்காட்டியது.

நம் நாட்டிலும் துயரங்கள் நேர்ந்ததுண்டு. 2022ஆம் ஆண்டு கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் கடையொன்றின் ஷவர்மாவை உண்ட பலர் நோயுற்றனர். பள்ளி மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். நோயாளிகளிடம் ஷிகெல்லாக் கிருமி காணப்பட்டது. சட்டத்தில் குறையில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2008இல் அமைந்து தில்லி கோட்லா சாலையில் தலைமையகம் கொண்ட ஆணையமும், 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் இருக்கின்றன. உணவு படும் பரப்புகள் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு கழுவப்பட வேண்டும் என்பவை அவ்விதிகளின் நான்காம் அட்டவணையில் உள்ளன. விரைவுச் சோதனைக் கருவிகளை ஆராய்ந்து ஏற்பளிக்கும் திட்டமும் அந்த ஆணையத்திடம் உண்டு. ஆனால் ஆயிரம் பேர் உண்ணும் தொழிற்சாலைச் சமையற்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவார். முந்நூறு பேர் உண்ணும் நம் பந்தலுக்கு யார் வருவார்? அங்கே நாமேதான் இன்ஸ்பெக்டர்.

ஆதலால் விருந்து நடத்தும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். சமையல் ஒப்பந்தக்காரரிடம் பதினான்கு இலக்க உரிமம் அல்லது பதிவு எண்ணைக் கேளுங்கள். வாடகைக்கு வந்த மேசையையும் பாத்திரத்தையும் வந்தபடியே பயன்படுத்தாதீர்கள். முதலில் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, அதன் பிறகே கொதிநீரோ, உணவுப் பாத்திரங்களுக்குரிய கிருமிநாசினியோ இட வேண்டும். முறை மாறினால் மருந்து வீண். ஈரக் கரித்துணி ஒன்றையே கொண்டு எல்லா மேசையையும் துடைப்பது, ஒரு மேசையின் கிருமியை எல்லா மேசைக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். பச்சைக் காய்க்கு ஒரு பலகை, சமைத்த பண்டத்துக்கு வேறு பலகை வையுங்கள். சூடான பண்டம் அறுபது டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழும், குளிர்ந்த பண்டம் ஐந்து டிகிரிக்கு மேலும் நெடுநேரம் நிற்க விடாதீர்கள். கையில் புண்ணோ வயிற்றில் கோளாறோ உள்ளவரை அன்று ஒருநாள் பரிமாற விடாதீர்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரக்கூடியது. அதனால் கருவுற்ற பெண்டிருக்கும் முதியோருக்கும் பழைய பண்டங்களைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கரண்டி எடுத்து, தூய மூடிய பாத்திரத்தில் தனித்தனியே குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்திருங்கள். யாருக்கேனும் நோய் கண்டால், மீந்ததைக் கொட்டிவிட்டு மேசையைத் திருப்பி அனுப்புவதற்குமுன் மருத்துவருக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரிவியுங்கள். நாங்கள் செய்யாத காரியம் அதுதான். அன்றிரவே பந்தற்காரர் மேசைகளை ஏற்றிச் சென்றுவிட்டார். மீந்த பச்சடி சாக்கடைக்குப் போயிற்று. கிருமி மேசையிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்தா, வெள்ளரிக்காயிலிருந்தா, பரிமாறிய எங்களுள் ஒருவர் கையிலிருந்தா என்பது ஒருவருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்து நான் கடிதம் எழுதினேன்.

அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது அம்முதியவரைத் தேடிக் கண்டு, மன்னிப்புக் கேட்டேன். மூன்று சொற்களின் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், "எனக்கு மட்டும் என்ன தெரியும் தம்பி? நான் துடைத்தேன் என்பது தெரியும். அதுபோதாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே" என்றார். தில்லிக்குத் திரும்பியதும் குழுவினரோடு பேசி, முன்பு கடிதம் அனுப்பிய எல்லோருக்கும் திருத்தக் கடிதம் ஒன்று அனுப்பினோம். காலம் கடந்த திருத்தம்தான். அவர் மீண்டும் தில்லிக்கு வரவில்லை.

உங்கள் ஊரில் அடுத்த விருந்து நடக்கும்போது, மேசையைத் துடைப்பவரிடம் இந்த வேறுபாட்டை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அவரைக் குற்றம் கூறுவதற்கு முன் சொல்ல வேண்டியது அது.